அஞ்சாவது பால்

தாய்ப்பால் வங்கி வரப்போகுது எண்ட உடன ஒங்களுக்கெல்லாம் வகுப்பு வெச்சிருப்பாங்க. போத்தலை எப்பிடி அவிக்கிற, எந்தக் குளிர்ல வெக்கிற, ஆர்ர இரத்தத்தைச் சோதிக்கிற, எல்லாம் படிச்சு முடிச்சிருப்பீங்க. நல்ல விஷயம். அதெல்லாம் என்னைவிட ஒங்களுக்குத்தான் கூடத் தெரியும். நான் பென்ஷன் எடுத்துக்கொண்டு நிந்தவூர்ல கோழி வளர்க்கிற மனிசி. ரெண்டு வார்த்தை கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீங்க. எனக்கு ரெண்டு வார்த்தையில கதைக்கத் தெரியாது. அது ஒங்கட சிஸ்டருக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் கூப்பிட்டிருக்கா. அப்ப ஆறுதலா இருந்து கேளுங்க.

வெளியூர்ப் புள்ளைகளும் இருக்கிறதால முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிப்போட்டு வாறன். எங்கட இஸ்லாம் மார்க்கத்தில ஒரு பொம்புளைட பாலைக் குடிச்ச புள்ளை, அவட புள்ளைகளுக்குக் கூடப்பிறந்த மாதிரி. அவங்களுக்குள்ள கலியாணம் இல்ல, எண்டைக்கும் இல்ல. இதை நீங்க புத்தகத்தில படிச்சிருப்பீங்க. நான் ஆஸ்பத்திரி வாட்டு வாசல்ல படிச்சன்.

நேர்ஸ் வேலைக்கு வந்த புதுசு. பக்கத்துக் கட்டில் குழந்தை வீரிட்டுக் கத்துது எண்டு ஒரு உம்மா இரக்கப்பட்டுத் தூக்கிப் பால் குடுத்திட்டா. அந்தக் குழந்தைட தாய் அப்ப ஒப்பரேஷன் தியேட்டர்ல. நல்லதுதானே நடக்குது எண்டு நான் கண்டும் காணாத மாதிரி நிண்டன். பின்னேரம் தகப்பன் வீட்டாக்கள் வந்து, ஆர்ர பால், எந்த ஊர், எந்தக் குடி எண்டு ஒவ்வொண்டாக் கேக்கிறாங்க. பால் குடுத்தவ அதுக்குள்ள துண்டு வெட்டி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிட்டா. எல்லாம் அடங்கின பிறகு எங்கட பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டா. சிங்கள மனிசி, தமிழ் அரைகுறை, வாய் மட்டும் முழுசு. ஏசப்போறா எண்டு பார்த்தா, ஏசல்ல. "தாய்க்கிட்டச் சொல்ல ஏலாத சாமான் புள்ளைட வாயில வெக்க வேணாம்" எண்டா, அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை வெச்சுக்கொண்டுதான் நான் கடைசிவரைக்கும் வேலை செய்தன்.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வாறன்.

குறைமாதக் குழந்தைகளின்ட அறையில நான் பொறுப்பா நிண்ட காலம். மாரி மழை. வயல் எது, ரோட்டு எது எண்டு தெரியாத வெள்ளம். மாவடிப்பள்ளியில இருந்து நஸீஹா எண்டு ஒரு புள்ளையைக் கொண்டு வந்தாங்க. தலைப்பிள்ளை, ஏழு மாசம். பிரஷர் ஏறி வலிப்பு வந்திட்டு. ஒப்பரேஷன் செய்து குழந்தையை எடுத்துப்போட்டு, தாயை நினைவில்லாமலே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. குழந்தையை அந்த மழைக்குள்ள ஏத்தி அனுப்ப டொக்டர் விரும்பல்ல. பொம்புளைப் புள்ளை. ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கிப் போயிரும். அழுறதுக்கும் அதுக்குச் சக்தி இல்ல, வாய் மட்டும் அழுற மாதிரி திறந்து மூடும்.

காலையில டொக்டர் பார்த்திட்டு, "இதுக்குத் தாய்ப்பால் துவங்கோணும், இண்டைக்கே. பால்மா குடுக்க எனக்குத் தைரியம் இல்ல" எண்டா. இளம் டொக்டர், கொழும்புப் பக்கம். அவ பயந்ததில பிழை இல்ல. அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் பால்மா குடிச்ச ஒரு குறைமாதக் குழந்தை வயிறு வீங்கி எங்கட கண் முன்னாலயே போனது. அந்த இன்குபேட்டரைத் துடைச்ச கைதான் இந்தக் குழந்தையை அதுக்குள்ள வெச்சது.

தேத்தண்ணிக்கு இருக்கும்போது இதே கதைதான். என்னோட அண்டைக்கு ரெண்டு பேர் டியூட்டி. ஒண்டு சுகந்தி, காரைதீவு. வாய்க்காரி, பகிடிக்காரி. மற்றது றிஹானா, சாய்ந்தமருது. பிரசவ லீவு முடிஞ்சு வந்து கொஞ்ச நாள்தான். கை சுத்தம், வேலை சுத்தம், மார்க்கப் பற்றும் கூட.

"வேற தாய்மாரிட்டக் கேட்டு எடுத்தா என்ன? வாட்டு நிறையப் பால்க்காரிகள்" எண்டா சுகந்தி.

"அதெல்லாம் சரிவராது" எண்டு றிஹானா தலையை ஆட்டினா. "ஆர் ஆர்ர பாலைக் குடிச்ச எண்டு தெரியாமப் போனா, நாளைக்குக் காக்காவும் தங்கச்சியும் கலியாணம் முடிப்பாங்க. அந்தப் பாவம் ஆர்ர கழுத்தில? பால் குடுக்கிறது தண்ணி குடுக்கிற மாதிரி இல்ல."

"ஓம் ஓம், நீ மட்டும் குடுத்திராதே. சாய்ந்தமருது முழுக்க ஒன்ட மகனுக்குத் தங்கச்சியாப் போயிரும். மறுகா பொண்ணெடுக்கக் கொழும்புக்குத்தான் போகோணும்."

றிஹானாவும் சிரிச்சா, நானும் சிரிச்சன். கோப்பையைக் கழுவி வெச்சிட்டு வேலைக்குப் போனம்.

வெளியில குழந்தைட வாப்பா ஜவாதும், அவர்ர தங்கச்சி ஹாஜறாவும் நிண்டாங்க. ஜவாத் வயல் செய்யிறவர், கால்ல சேறு காயாமலே வந்திருந்தார். ஹாஜறாட இடுப்பில அவட மகன், பல்லு முளைக்காத வயசு. கொழுகொழு எண்டு இருக்கான். அதைக் கண்ட உடனயே ஒரு தாய்க்குப் பால் எப்பிடி எண்டு நமக்குத் தெரிஞ்சிரும். "என்ட பாலைக் குடுங்க மிஸ். வேற ஆரையும் தேடாதீங்க" எண்டு ஹாஜறா என்ட கையைப் பிடிச்சா. சுகந்தி அதுக்குள்ள கோப்பை எடுக்க உள்ளுக்கு ஓடிட்டா. கிட்டின சொந்தம், மனம் நிறைஞ்சு தாறா, இனி என்ன எண்டு அவட எண்ணம்.

ஆனா ஜவாத் சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டார். சந்தோஷப்படோணும், படல்ல. நான் அவரிட்டக் கேக்காம ஹாஜறாவைக் கேட்டன். "என்ன மகள், இதில என்ன இருக்கு?"

எங்கட பக்கத்தில வீடு பொம்புளைப் புள்ளைக்கு. வீடில்லாட்டி மாப்பிள்ளை இல்ல, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து இருக்கிற. காக்காமார் வெளிநாடு போறதே தங்கச்சிக்கு வீடு எழுப்பத்தான். ஜவாத் சவூதியில லொறி ஓடி, தன்ட வயசெல்லாம் போட்டு ஹாஜறாவுக்கு வீடு கட்டிக் குடுத்தவர். தங்கச்சியைக் கரைசேர்த்த பிறகுதான் அவர் நஸீஹாவை முடிச்ச. ஹாஜறா அதை மறக்கல்ல. தனக்கு ஆம்புளைப் புள்ளை கிடைச்ச அண்டைக்கே, "இவன் காக்காட மகளுக்குத்தான்" எண்டு சொல்லிட்டா. நஸீஹா அப்பதான் முழுகாம இருக்கத் துவங்கின. அவவும் விடல்ல, ஹாஜறாட மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, "மருமகன், மருமகன்" எண்டுதான் கூப்பிடுவா.

இப்ப அந்தப் பாலைக் குடுத்தா மருமகன் போயிட்டான். ஹாஜறாவுக்குக் காக்காட கடனைத் தீர்க்கிறதுக்கு இருந்த ஒரே வழியும் போயிட்டு.

நான் உள்ளுக்கு வந்து டொக்டரிட்டச் சொன்னன். அவவுக்குக் கோபம் வந்திட்டு. "உயிர் இழுபட்டுக்கொண்டு கிடக்கு, இவங்க கலியாணம் பேசுறாங்களா?" எண்டா. ஒங்களுக்கும் இப்பிடிக் கோபம் வரும். வரும்போது ஒண்டை நெனைச்சுக்கொள்ளுங்க. அவங்க குழந்தை சாகட்டும் எண்டு கலியாணம் பேசல்ல. இது பொழைக்கும், வளரும், ஒரு நாள் பொண்ணா இருக்கும் எண்டு நம்பித்தான் பேசுறாங்க. அந்த அறையில அண்டைக்கு அந்தக் குழந்தைட எதிர்காலத்தை நம்பினது அவங்க மட்டும்தான். எங்களுக்கு அடுத்த மணித்தியாலம் வரைக்கும்தான் கண் தெரிஞ்சது.

வேற ஆர் இருக்கா எண்டு கேட்டன். நஸீஹாட சொந்தத் தங்கச்சி பரீனா இருக்கா, கைக்குழந்தைக்காரி, அவட புருஷனுக்குக் கோமாரியில கடை, அங்கதான் இருக்கிறா எண்டாங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு விளக்குப் பத்தின மாதிரி இருந்தது. உம்மாட தங்கச்சி எண்டா சாச்சி. சாச்சிட புள்ளைகள் எங்கட வழக்கத்தில எப்பவோ காக்கா தங்கச்சிதான், அங்க ஒருத்தரும் கலியாணம் பேச மாட்டாங்க. சாச்சிட பால் ஒரு கதவையும் பூட்டாது. வாப்பாட தங்கச்சி மாமி, அவட பால்தான் பூட்டும். ஜவாத் போன் எடுத்தார். சொல்லி முடிக்க முன்னமே பரீனா அங்க அழுதுகொண்டு வெளிக்கிட்டுட்டா. ஆனா கோமாரி ரோட்டுக்கு மேலால வெள்ளம் பாயுது. எப்ப வந்து சேர்வா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

அதுவரைக்கும் என்ன செய்யிற? எனக்கு இந்தச் சட்டம் வீட்டில கேட்டு வளர்ந்ததுதான், ஆனா நான் சொன்னா ஜவாத் நம்ப மாட்டார். ஊர்ப் பள்ளி மௌலவிக்கு எடுத்து, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போனைப் பிடிக்கச் சொன்னன். மௌலவி நிதானமான மனிசன். உயிருக்கு ஆபத்து எண்டா ஆர்ர பால் எண்டு பார்க்க வேணாம், முதல்ல குடுங்க எண்டார். பிறகு, "வேற வேறா அஞ்சு தரம் எடுத்து, வேற வேறா அஞ்சு தரம் வயித்துக்குள்ள போனாத்தான் எங்கட மத்ஹபுச் சட்டத்தில பால் உறவு" எண்டார்.

"குழாயால சொட்டுச் சொட்டாத்தான் போகும் ஹஸரத்" எண்டன் நான்.

"சொட்டெண்டாலும் ஒரு தரம் ஒரு தரம்தான். குழாயால போனாலும் வயித்துக்குத்தானே போகுது."

ஹாஜறாதான் கேட்டா. "அப்ப நாலு தரம் குடுக்கலாமா?"

"ஓம் மகள். நாலு வரைக்கும் ஒண்டும் ஆகாது."

அப்பிடித்தான் அந்த நாள் துவங்கினது. நாலு தரம். அதுக்குள்ள பரீனா வந்து சேரோணும். மிச்சப் பாலை வெச்சுக் குடுக்க அப்ப எங்களுக்கு வசதி இல்ல, கரண்டும் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தரமும் புதுசா எடுக்கத்தான் வேணும். ஹாஜறா, பரீனா ரெண்டு பேர்ட கர்ப்ப கால இரத்தச் சோதனையையும் டொக்டர் கேட்டு அறிஞ்சு, சரி, துவங்குங்க எண்டா.

ஹாஜறா தஸ்பீஹ் மணியைக் கையில வெச்சிருந்தா. முதல் பால் எடுத்துத் தந்திட்டு, கண்ணாடிக்கு அங்கால நிண்டு, சிரிஞ்சியில இருந்து அது குழாய்க்குள்ள இறங்குறதைப் பார்த்தா. முடிஞ்ச உடன ஒரு மணியைத் தள்ளினா. குழந்தை சத்தி எடுத்துக் கக்கல்ல. வயிறு மெதுவா இருந்தது. டொக்டர் முகத்தில அண்டைக்கு முதல் தரம் ஒரு இளக்கம் வந்தது.

ரெண்டாவது தரம் குடுக்கும்போது பரீனாட வேன் வெள்ளத்துக்கு இங்கால வர ஏலாம நிக்குது எண்டு போன். மூண்டாவது தரத்துக்கு முன்னம், வயல் உழுற டிறக்டர்ல ஏறிக் கடக்கிறாங்களாம் எண்டாங்க. மறுகா போனே இல்ல, எடுத்தாலும் லைன் விழுகுதில்ல. ஜவாத் வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். மழை விடவும் இல்ல.

பகலைக்கு றிஹானா, நெஞ்சு கட்டுது மிஸ் எண்டு சொல்லிப்போட்டு உடுப்பு மாத்துற அறைக்குப் போனா. கைக்குழந்தையை வீட்டில விட்டுட்டு டியூட்டிக்கு வாற தாய்மாருக்கெல்லாம் இது இருக்கிறதுதானே. பாலை எடுத்துப்போட்டு, பேசின் குழாயைத் திறந்து விட்டுட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டு வருவாங்க. நானும் என்ட காலத்தில அப்பிடித்தான். அவ வந்த பிறகு சுகந்தி சாப்பிடப் போனா.

நாலாவது பால் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் போனது. ஹாஜறா நாலாவது மணியைத் தள்ளிப்போட்டு அதிலயே விரலை வெச்சுக்கொண்டு இருந்தா. அவட மகன் மடியில கிடந்து சிரிச்சுக்கொண்டிருந்தான்.

பொழுதுபட்டு மஃரிபுக்குக் கிட்டத்தான் எல்லாம் ஒண்டாப் பிழைச்சது. குழந்தைட கையில சேலைன் ஊசி ஏத்தின இடம் வீங்கிட்டு. கழட்ட வேண்டி வந்திட்டு. இரத்தத்தில சீனியைச் சோதிச்சா, இறங்கிக்கொண்டு போகுது. டொக்டர் வேற நரம்பு தேடுறா, றிஹானா டோர்ச் அடிச்சுக் கையைப் பிடிச்சுக் குடுக்கிறா. நூல் மாதிரி நரம்பு, தொட்டா உடையுது. ஒரு கை, மற்றக் கை, கால். குழந்தை வாய் திறக்கிறதையும் விட்டுட்டு. டொக்டர் நிமிராமலே, "ஊசி ஏறும்வரைக்கும் வயித்துக்குள்ள போறதுதான் இதுக்கு உயிர். பாலைக் குடுங்க மிஸ், இப்பவே" எண்டா.

சுகந்தி என்ட காதுக்குள்ள சொன்னா. "சோதனைக்கு எண்டு சொல்லி ஹாஜறாட பாலை எடுத்துக் குடுப்பம் மிஸ். அவங்களிட்டப் பால்மா எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

கெட்ட எண்ணத்தில அவ சொல்லல்ல. குழந்தையும் பொழைக்கோணும், மருமகனும் மிஞ்சோணும் எண்டு இரக்கத்தில சொன்னா. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையா இருந்தது. பிறகு அந்தச் சிங்களச் சிஸ்டர்ட வாய் ஞாபகம் வந்தது. நாளைக்கு நஸீஹா கண் முழிச்சு வந்து கேட்டா என்னத்தைச் சொல்ற? அந்தப் பொய்யை இருபது வருஷம் கழிச்சு ஒரு கலியாண வீட்டில கொண்டுபோய் வெக்கிறதா? "வாயை மூடு புள்ள" எண்டுபோட்டு வெளியில போனன்.

ஜவாத் ஓடி வந்தார். "மிஸ், அக்கரைப்பற்றுக்கு வந்திட்டாங்களாம். இப்பதான் போன் வந்த. கொஞ்சம் பொறுங்க."

அக்கரைப்பற்றில இருந்து எங்கட ஆஸ்பத்திரிக்கு, மழையில்லாட்டி ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற நேரம். அண்டைக்கு ரோட்டு எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. உள்ளுக்குக் கிடக்கிறதுக்கு அவ்வளவு நேரம் இருக்கா எண்டும் தெரியாது.

நான் ஹாஜறாட முன்னால குந்தினன். "மகள், உண்மையைச் சொல்றன். குழந்தைக்கு இப்ப பால் வேணும். இது அஞ்சாவது. நீ ஏலாது எண்டா நான் ஒண்டும் நெனைக்க மாட்டன், பால்மா கரைச்சுப் பார்ப்பம். ஆனா ஒனக்குத் தெரியாம நான் ஒண்டும் செய்ய மாட்டன்."

அவ என்னைப் பார்க்கல்ல, காக்காவைப் பார்த்தா. "காக்கா, நீங்க எனக்கு வீடு கட்டித் தந்தீங்க. நான் என்ட மகனைத் தாறன் எண்டு செல்லி வெச்சிரிந்தன். அது எப்பவோ நடக்கப்போறது. இது இப்ப நடக்கிறது. என்ன செல்றீங்க?"

ஜவாத் சுவரோட நெத்தியை வெச்சுக்கொண்டு அழுதார். ஆம்புளை அழுதா எனக்குப் பார்க்க ஏலாது, மற்றப் பக்கம் திரும்பிட்டன். அழுதுகொண்டே, "ஒன்ட விருப்பம்டா தங்கச்சி" எண்டார்.

"மருமகள் ஆகாட்டி மகளா இரிக்கட்டும்" எண்டு ஹாஜறா எழும்பினா. மகனைக் காக்காட கையில குடுத்தா. கோப்பையை வாங்கிப் பால் எடுத்துத் தந்தா. நான் சிரிஞ்சியை உயர்த்திப் பிடிச்சன். அவ கண்ணாடிக்குப் போகாம என்ட பக்கத்திலயே வந்து நிண்டு, முழுசா இறங்கும்வரைக்கும் பார்த்தா. மணியைத் தள்ளினா.

பள்ளியில தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது டொக்டருக்கு ஒரு நரம்பு கிடைச்சது. அதே பாங்கு முடிய முன்னம் பரீனா வந்து நிக்கிறா. முழங்கால் வரைக்கும் சேத்துத் தண்ணி, சட்டை முன்பக்கம் பாலால நனைஞ்சு கிடக்கு. "எங்க குடுக்கிற மிஸ்? எங்க இரிக்கிற?" எண்டு மூச்சு வாங்குது அவவுக்கு. ஹாஜறா தான் இருந்த கதிரையைத் தள்ளி விட்டா. "வா பரீனா. இதில இரி. இனி ஒன்ட முறை" எண்டா. பரீனா ஹாஜறாட முகத்தைப் பார்த்தா, கையில இருந்த தஸ்பீஹைப் பார்த்தா. விளங்கிட்டு. கதிரையில இருந்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினா.

இதைக் கேட்ட ஆக்கள் எல்லாரும் என்னிட்டக் கேக்கிற கேள்வி ஒண்டுதான். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் தானே மிஸ்? ஓம், பொறுத்திருக்கலாம். பரீனா வாறா எண்டு எனக்கு மேல இருந்து வஹி வந்திருந்தாப் பொறுத்திருப்பன். வந்த பிறகு எல்லாருக்கும் கணக்குத் தெரியும். சீனி இறங்குற குழந்தைக்கு முன்னால நிக்கும்போது வந்து கணக்குச் சொல்லுங்க, பார்ப்பம். நான் அண்டைக்குச் செய்ததைத் திரும்பவும் செய்வன். அதில எனக்கு ஒரு சொட்டுச் சலனமும் இல்ல. எனக்கு நெஞ்சில கிடக்கிறது அது இல்ல.

குழந்தை பொழைச்சது. பரீனாட பாலைக் குடிச்சுக் கொஞ்சங் கொஞ்சமாத் தேறினது. நஸீஹாவும், அல்ஹம்துலில்லாஹ், கண் முழிச்சு, நடக்கக்கூடிய நிலைக்கு வந்து, ஒரு நாள் எங்கட வாட்டுக்கு வந்தா. முகமெல்லாம் வீங்கி, குரல் உடைஞ்சு போய் இருந்தது. மகளை முதல் தரம் மடியில வெச்சுக் குடுத்தம். நெத்தியை முகர்ந்தா, விரல்களை எண்ணினா. பிறகு தலை நிமிர்த்திக் கேட்டா. "ஆர்ர பால் மிஸ்?"

நான் ஒண்டையும் ஒளிக்கல்ல. காலையில இருந்து பாங்கு வரைக்கும் சொன்னன். அவ கேட்டுக்கொண்டே இருந்தா. றிஹானா பக்கத்துக் கட்டில்ல விரிப்பு மாத்திக்கொண்டு நிண்டா.

"அப்ப ஹாஜறாட மகனை நான் இனி என்னெண்டு கூப்பிடுற?" எண்டா நஸீஹா. கோபத்தில கேக்கல்ல. உண்மையாவே தெரியாமக் கேட்டா. பேர் சொல்லி அவ அந்தக் குழந்தையை ஒரு நாளும் கூப்பிட்டதில்ல.

"மகன் எண்டு கூப்பிடு" எண்டன்.

அவ வாய்க்குள்ள ஒரு தரம் சொல்லிப் பார்த்தா. கண்ணால வடிஞ்சுது. கொஞ்ச நேரம் மகளைத் தட்டிக்கொண்டிருந்திட்டு, "மிஸ், ஒண்டு கேக்கட்டா? கோபிக்காதீங்க" எண்டா. "அந்த ஒரே ஒரு தரம்தானே. அஞ்சாவது. வேற ஆர்ர பாலா இரிந்தாலும், ஒரு தரத்தில ஒரு கதவும் பூட்டுறதில்லயே. கோமாரிக்கெல்லாம் ஆள் விட்டீங்க. இந்த அறைக்குள்ள நிண்ட ஆருக்கும் பால் இரிக்கல்லயா?"

இத்தனை வருஷ சேவை. கோமாரிக்குப் போன், பள்ளிக்குப் போன், சட்டம், சொந்தம், சாச்சி, மாமி, எல்லாம் யோசிச்ச மூளைக்கு இது வரல்ல. எங்களை நாங்க பால் இருக்கிற பொம்புளைகள் எண்டு நெனைச்சதே இல்ல. வெள்ளை உடுப்பைப் போட்டா நாங்க மிஸ். குடுக்கிறது அவங்க, ஊத்துறது நாங்க. காலையில தேத்தண்ணி மேசையில அதையே பகிடியாக் கதைச்சுச் சிரிச்சும்கூட வரல்ல.

றிஹானாட கையில விரிப்பு அப்பிடியே நிண்டது. அவ மெல்லத் திரும்பினா.

"எனக்கு இரிந்த ராத்தா" எண்டா.

நஸீஹா அவவைப் பார்த்தா. "மறுகா?"

"பகலைக்கு எடுத்தன். பேசினில ஊத்திட்டன்." அவட குரல் கேக்கவே இல்ல, உதட்டைப் பார்த்துத்தான் நான் விளங்கினன். "பின்னேரம் டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிக்கும்போதும் நெஞ்சு கட்டிக்கொண்டுதான் இரிந்த. செல்லோணும் எண்டு வாய் வரைக்கும் வந்த. ஆரும் என்னைக் கேக்கல்ல. காலையில நான்தானே பாவம் எண்டு கதைச்ச. நானும் செல்லல்ல."

நஸீஹா ஏசல்ல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். மகளை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிட்டா.

அடுத்த நாள் பகலைக்கு றிஹானா உடுப்பு மாத்துற அறைக்குப் போனா. குழாய்ச் சத்தம் கேக்கல்ல. கோப்பையோட வந்து என்ட மேசைக்கு முன்னால நிண்டு, இதைக் குடுக்கட்டா எண்டு ஒவ்வொரு தாயிட்டயும் நான் போய்க் கேக்கட்டா மிஸ் எண்டா. கேட்டா. சில பேர் ஓம் எண்டாங்க, சில பேர் வேணாம் எண்டாங்க. வேணாம் எண்டவங்களிட்ட அவ முகம் சுழிக்கல்ல. ஆருக்குக் குடுத்தது, எத்தனை தரம் எண்டு அந்தந்தத் தாய்க்கு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுத்தான் குடுத்தா.

ஒங்களுக்குப் புது வங்கி வரப்போகுது. ஊர் ஊராப் போய், தாய்மாருக்கு மார்க்கம் தெரியாது, விளக்கம் இல்ல, அவங்கட மனசை எப்பிடி மாத்துற எண்டெல்லாம் யோசிப்பீங்க. யோசிங்க. அதுக்கு முதல் எனக்கு ஒரு வேலை செய்து தாங்க. இந்த அறைக்குள்ள இப்ப கைக்குழந்தையை வீட்டில விட்டுட்டு வந்திருக்கிறவங்க ஆர் ஆர்? கையை உயர்த்துங்க. ஒருத்தரையொருத்தர் பார்க்க வேணாம், வெக்கப்பட ஒண்டும் இல்ல.

இன்னும் நல்லா உயர்த்துங்க.

சரி. இண்டைக்குப் பகல் பேசின் குழாயைத் திறக்க முன்னம் ஒருக்கா யோசிங்க.